மந்தக் கம்பியும் நகத்தளவுக் கண்டன்சரும்

கணியான் கூத்தில் மகுடம் என்னும் பறை இரண்டு. ஒன்று உச்சம், மற்றது மந்தம். உச்ச மகுடம் முன்னால் ஓடிப் பேச, மந்த மகுடம் அதைத் தரையில் பிடித்து நிறுத்தும். வில்லுப்பாட்டில் அந்த வேலை குடத்துக்கு. அதன் வாயில் பத்தி படும்போதெல்லாம் எழும் 'பும்' என்ற ஒலிதான் கதையின் நடையைத் தாங்குகிறது. தாமிரபரணிக் கரையில் கோயில் கொடை விழா பார்த்து வளர்ந்த காது, பாட்டுக்காரரின் குரலுக்கு முன்பே அடியில் ஓடும் மந்தத்தைக் கேட்டுவிடும். கொடை மேடைக்கு மெல்லிசைக் கச்சேரி வந்து, அதோடு நான்கு தடித்த கம்பிகள் கட்டிய பேஸ் கிட்டாரும் வந்தபோது, நெல்லை வண்ணார்பேட்டைக்காரர்களுக்கு அது அந்நிய வாத்தியமாகப் பட்டிருக்காது. பெயர்தான் புதிது.

வாத்தியத்தை ஏற்பது எளிது. அதன் நாதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் வழக்கு. பழைய கிட்டாரில்தான் 'அந்த' சத்தம் உண்டு என்று ஒரு கட்சி. கிட்டாருக்குள் கிடக்கும் பழைய கண்டன்சர்தான் காரணம், அதை மட்டும் தேடிப் பிடித்தால் போதும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியை நம்பி, நகத்தளவுப் பொருளுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது, மீதி வியாபாரம்.

கண்டன்சர் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மின்விசிறி. காற்று குறைந்தால் எலக்ட்ரீஷியன் "கண்டன்சர் போயிருக்கு" என்று சொல்லி மாற்றுவாரே, அது பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். பேஸ் கிட்டாரின் டோன் திருகுக்குப் பின்னால் இருப்பது 0.05 மைக்ரோஃபாரட் அளவில்தான். விசிறிக்கு உள்ளதில் ஐம்பதில் ஒரு பங்கு. அது செய்கிற வேலையும் ஒன்றே ஒன்று. உயர்ந்த அதிர்வுகளுக்கு வழிவிடும், தாழ்ந்த அதிர்வுகளைத் தடுக்கும். கிட்டாரில் அந்த வழி தரைக்கு, அதாவது எர்த்துக்கு, போகிறது. ஆகவே கூர்மையான ஒலிகள் தரையில் வடிந்துபோக, மந்தம் மட்டும் ஆம்பிளிஃபயருக்குப் போய்ச் சேரும். 0.05 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 1000 ஹெர்ட்ஸில் காட்டும் தடை சுமார் 3,200 ஓம். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸில் அதே கண்டன்சர் ஏறத்தாழ 77,000 ஓம் தடை காட்டும். மடை எங்கே திறந்திருக்கிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபெண்டர் வகைக் கிட்டாரில் கண்டன்சருக்கு முன்னால் நிற்கும் டோன் திருகு 250,000 ஓம். திருகை முழுக்கத் திறந்து வைத்தால் அந்த இரண்டரை லட்சத்தைத் தாண்டித்தான் எந்த ஒலியும் கண்டன்சரை எட்ட முடியும். அந்த நிலையில் உள்ளே இருப்பது எந்த ஊர்ச் சரக்கு, எந்த ஆண்டுச் சரக்கு என்பது காதுக்குத் தெரியவே தெரியாது. திருகை மூட மூடத்தான் கண்டன்சர் பேசத் தொடங்கும்.

மரபு என்று பார்த்தால் அமெரிக்காவில் மூன்று பள்ளிகளைச் சொல்லலாம். மூத்தது லியோ ஃபெண்டரின் பள்ளி. 1951இல் பிரிசிஷன் பேஸ், 1960இல் ஜாஸ் பேஸ். தொடக்கக் காலப் பிரிசிஷனில் 0.1 மைக்ரோஃபாரட்; பிற்காலத்தில் அது பாதியானது. அளவு கூடினால் திருகை மூடும்போது இருட்டும் கூடும். பழைய பிரிசிஷன்களின் 'போர்வைக்குள் பேசும்' குரலுக்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது பள்ளியான ரிக்கன்பேக்கர் 4001 இதற்கு நேர் எதிர். அதில், கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் பாதையிலேயே 0.0047 மைக்ரோஃபாரட் கண்டன்சரை வைத்தார்கள். அது தரைக்குப் போகும் வழியில் இல்லை, ஒலி வெளியேறும் வழியில் நின்றது. அதனால் வடிகட்டப்பட்டது மந்தம். மிஞ்சியது உலோகக் கூர்மை. ஒரே பொருளை இடம் மாற்றிச் செருகினால் குணம் தலைகீழாகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மூன்றாவது, 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே. இதுவும் லியோ ஃபெண்டர் கைபட்டதே. உள்ளே பேட்டரி, சிறு ஆம்பிளிஃபயர். முந்தைய பள்ளிகளால் கழிக்கத்தான் முடியும். இது கூட்டவும் செய்தது.

கண்டன்சர் பக்தர்கள் ஜேம்ஸ் ஜேமர்சனை மறந்துவிடுகிறார்கள். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் பாடல்களுக்கு அடித்தளம் போட்டவர் அவர், 1983இல் மறைந்தார். 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ், ஒற்றை ஆள்காட்டி விரல். அந்தக் கனத்த, மூடிய, உருண்ட நாதத்தைத் தேடித்தான் பாதிப் பேர் பழைய கண்டன்சர் வாங்குகிறார்கள். ஆனால் ஜேமர்சன் திருகுகளை முழுக்கத் திறந்தே வைத்து வாசித்தவர் என்று சொல்லப்படுகிறது. அந்த நாதம் வந்தது தட்டையான மேற்பரப்புள்ள ஃபிளாட் வவுண்ட் கம்பிகளிலிருந்து. அறுந்தாலொழிய அவற்றை மாற்ற மாட்டார் அவர். பாலத்தின் மூடிக்குள் அடைத்த பஞ்சு கம்பியின் ஒலியை அமுக்கியது. மீதியை விரல் செய்தது.

தமிழ்த் திரையிசைக்கு வருவோம். 1950, 60களில் மந்தத்தைத் தாங்கியது ஆள் உயர டபுள் பேஸ். 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாதான் பேஸ் கிட்டாரைத் தாளத்தின் எடுபிடி என்ற நிலையிலிருந்து தூக்கி, பாட்டோடு எதிர்ப்பேச்சு பேச வைத்தார். அவரே கிட்டார்க்காரர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் குறிப்பெழுதிக் கொடுப்பவர். அவருக்காக நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரைப் பாட்டு கேட்டவர்களில் மிகச் சிலரே அறிவார்கள். ஆனால் அவர் வாசிப்பைக் கேட்காத தமிழ்க் காது கிடையாது. 1986இல் வந்த 'மௌன ராகம்' பாடல்களில் குரலை மறந்து அடியில் ஓடுவதை மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், இன்னொரு பாட்டு கிடைக்கும். ஏ.ஆர்.ரகுமானின் காலத்தில் சிந்தசைசர் மந்தமும் கம்பி மந்தமும் அருகருகே அமர்ந்தன. அங்கே கீத் பீட்டர்ஸின் கை தனியாகத் தெரியும். இளையராஜாவின் பள்ளி எழுதி வைத்த மந்தம். ரகுமானின் பள்ளியில் வாசிப்பவரின் கற்பனைக்கும் இடம் அதிகம்.

மூன்றாவதாக ஒரு தமிழ்ப் பள்ளி உண்டு. அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: கொடை மேடைப் பள்ளி. பாளையங்கோட்டையில் 1826ஆம் ஆண்டின் ஊசிக்கோபுர ஆலயம் முதல் தெருவுக்கொரு தேவாலயம். பாடகர் குழுவில் கிட்டார் பிடித்துப் பழகிய கைக்கு ஆற்றங்கரைக் கோயில் மேடை தூரமில்லை. அந்த மேடையின் தரத்தை நிர்ணயித்தது கண்டன்சரோ கிட்டாரோ அல்ல, பனைமரத்திலும் மின்கம்பத்திலும் ரேடியோசெட்காரர் கட்டிய குழாய் ஸ்பீக்கர்.

300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கூம்புக்குக் குரல் எழும்பாது. பேஸ் கிட்டாரின் மெல்லிய கம்பியே 98 ஹெர்ட்ஸ்தான். அப்படியானால் இரண்டு தெரு தள்ளி இருந்தவர்கள் கேட்டது என்ன? அடிச்சுரம் அல்ல, அதன் மேல் கிளைக்கும் துணைச் சுரங்கள். அவற்றைக் கொண்டு இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கட்டிக்கொள்கிறது. டோன் திருகை மூடிவிட்டால் அந்தத் துணைச் சுரங்களும் தரையில் வடிந்துவிடும். குழாய்க்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே குழாய்க் காலத்தில் இருட்டான 'விண்டேஜ்' நாதம் மேடைக்கு முன்னால் உட்கார்ந்த நான்கு வரிசைக்கு மட்டுமே சொந்தம். இளையராஜாவின் பேஸ் வரிகள் டீக்கடை டிரான்சிஸ்டரிலும் பிழைத்துக் கிடந்ததற்கு, அவை அடிக்கடி மேல் கட்டைகளில் ஏறி உலவியதும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இன்று கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை. மேடையின் இரு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகள். 15, 18 அங்குல ஸ்பீக்கர்கள் மந்தத்தை நெஞ்சுக்கூட்டில் இறக்குகின்றன. திருகைக் கொஞ்சம் மூடினாலும் மந்தம் கேட்கிறது. முந்தைய காலத்தில் சரியாக இருந்த கை இன்று இரைச்சலாகிறது. கண்டன்சரின் அளவைப் பற்றி யோசிக்க நெல்லை மேடைக்கு உண்மையில் இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

என்ன வாங்குவது? அளவைப் பாருங்கள், குலத்தைப் பார்க்க வேண்டாம். மெழுகுக் காகிதம், எண்ணெய்க் காகிதம், பீங்கான், பாலியெஸ்டர் என்று பொருள் பல. கறுப்பு உடலில் வண்ணக் கோடு போட்ட 'பம்பிள்பீ' வகைக்குச் சந்தையில் நகை மதிப்பு. அந்தக் கோடுகள் அளவைக் குறிக்கும் அடையாளம், வேறு மந்திரம் இல்லை. கிட்டாரின் சிறு மின்னழுத்தத்தில் ஒரே அளவுள்ள நல்ல கண்டன்சர்கள் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்துகொள்ளும். 1960களின் புகழ்பெற்ற ஃபெண்டர்களிலேயே பலவற்றில் இருந்தவை மலிவான பீங்கான் வட்டுகள். பழையவை வேறு மாதிரி ஒலிப்பது, அச்சிட்ட அளவும் உண்மை அளவும் ஒத்துப்போகாததால். அக்காலச் சரக்கில் 20 சதவீதம் முன்பின் இருப்பது வழக்கம். காகிதக் கண்டன்சர் ஈரம் குடித்தால் அதற்கு மேலும் விலகும், கசியவும் செய்யும். 104 என்று போட்டிருந்தால் 0.1, 473 என்றால் 0.047, 223 என்றால் 0.022. சில ரூபாய்க்கே கிடைக்கும் இவற்றை முதலைக் கிளிப்பில் மாற்றி மாற்றிக் கவ்வவிட்டு, திருகை மூடி, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பெட்டியிலேயே கேளுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கும் முன்பு கம்பியை மாற்றிப் பாருங்கள்.

பழைய பேஸ் கிட்டாரைச் சரிசெய்யக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கழற்றிய கண்டன்சரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மல்டிமீட்டரில் அளந்து, அளவையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, இரண்டையும் கிட்டார்ப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து அதை வாசிக்கப் போகிறவருக்கு அந்தச் சீட்டு தேவைப்படும்.