காலையில் கிச்சடி, ஆறு மாதத்துக்கொரு பூச்சி மாத்திரை

மதுரை மாவட்டத்துத் திருவாதவூரைச் சுற்றியுள்ள மேலூர் வட்டார ஊர்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் விடியும்போதே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பழைய சோறு மிச்சமிருந்தால் உண்டு. இல்லையென்றால், பள்ளியில் காலை உணவு வருவதற்கு முன்பு, மதியச் சத்துணவுக்கு மணியடிக்கும் வரை வெறும் வயிறாகத்தான் இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் சுகாதாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பிள்ளைக்குக் கை கழுவும் முறையைச் சொல்லிக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

1920-இல் சென்னை ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கியதும், பின்னர் காமராசர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்ததும் மதியச் சாப்பாடுதான். காலை வயிறு 2022 செப்டம்பர் 15 வரை காத்திருந்தது. அன்றுதான் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 மாணவர்கள், 33.56 கோடி ரூபாய். அடுத்த ஆண்டே திருக்குவளையில் தொடங்கி 31,008 பள்ளிகளுக்குப் பரவியது.

இதன் பலம் உப்புமாவிலோ பொங்கலிலோ இல்லை, யார் சமைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஊரகப் பள்ளிகளில் சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். அதே ஊர்க்காரராகவும், பிள்ளை அதே பள்ளியில் படிப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. கிச்சடி அடிப்பிடித்தால் அதை முதலில் தின்பது அவர் பிள்ளை. சாயங்காலம் தெருக்குழாயடியில் பதில் சொல்ல வேண்டியதும் அவரே. எந்தக் கண்காணிப்புச் செயலியும் இந்த வேலையைச் செய்யாது. ஆனால் ஊர்க்காரர் என்றால் ஊரின் சாதியும் கூடவே வரும். 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், சமைப்பவர் அருந்ததியர் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய்ப் பந்தியில் உட்கார வேண்டியிருந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆட்சியர் வர முடியாது.

தட்டுக்குள்ளும் குறை உண்டு. ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, கொஞ்சம் காய். பசி அடங்கும், இரத்தம் ஊறாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அந்தக் குழந்தைகள்தாம் பிறகு தொடக்கப் பள்ளிக்கு வந்து உட்கார்ந்தவர்கள். முட்டை மதியத்துக்கு மட்டும் என்று எந்தச் சாத்திரம் சொல்கிறது?

மாத்திரையின் கதை வேறு. பூச்சி மாத்திரை, அதாவது அல்பெண்டசோல், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படுகிறது. மலிவானது, ஆபத்தில்லாதது, புழுவைக் கொல்வது. அது பள்ளி வருகையைக் கூட்டுகிறது என்று கென்யாவில் நடந்த புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. எல்லாருக்கும் மொத்தமாகக் கொடுப்பதால் எடையிலோ படிப்பிலோ பெரிய மாற்றமில்லை என்று காக்ரேன் மதிப்பாய்வுகள் சொல்கின்றன. உலக அளவில் வழக்கு முடியவில்லை. நம் ஊருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை: கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியே ஏறுகிறது. மாத்திரை தின்ற பிள்ளை மறுநாளே பள்ளிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் செருப்பில்லாமல் ஒதுங்கினால், அரசு கொடுத்த மாத்திரையும் வீண், அரசு கொடுத்த விலையில்லாக் காலணியும் வீண்.

கழிப்பறை கட்டப்படாமல் இல்லை, கழுவத்தான் ஆளில்லை. ஊரகத் தொடக்கப் பள்ளித் துப்புரவுப் பணியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் என்பதுதான் வெகுகாலமாக இருந்த கூலி. அந்தக் காசுக்கு யாரும் தினமும் வரமாட்டார்கள். பிறகு கதவு பூட்டிக் கிடக்கும், அல்லது வாளியும் விளக்குமாறும் பிள்ளைகள் கைக்கு வரும். எந்தச் சாதிப் பிள்ளைகள் கைக்கு என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் பெரிய மனக்குறை மருத்துவப் பரிசோதனை மீதுதான். 2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டப்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை அரசுப் பள்ளிக்கு வந்து கண், காது, பல், இதயம் வரை பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்று பதிவேட்டில் எழுதியதோடு பள்ளியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. திருவாதவூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் நின்று திரும்ப ஒரு நாள் முழுதும் போகும். தாய்க்கு அன்றைய கூலி போச்சு. 'அடுத்த வாரம் வாங்க' என்றால் இன்னொரு கூலி. மூன்றாம் முறை அவர் போகமாட்டார். அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளை சாப்பிட வராவிட்டால் அன்று காலையே தெரிந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் அடுத்த ஆண்டு அதே குழு வந்து அதே குறையைத் திரும்ப எழுதும்போதுதான் தெரியும். கர்ப்பிணிகளுக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி தருகிற மாநிலம் இது. மேல்சிகிச்சைச் சீட்டோடு வரும் தாய்க்குப் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் கொடுப்பது இதன் கஜானாவுக்குப் பெரிதல்ல. கூட்டிப்போக ஆள் வேண்டுமென்றால், காலையில் கிச்சடி கிண்டும் அதே மகளிர் குழுவில் கேட்டுப் பார்க்கலாம்.