உழைப்பு என்ற சொல்லும் மூன்று புத்தகங்களும்

திருப்பூரைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் முதல் பத்தியிலேயே ஒரு கோடிக் கணக்கு வந்துவிடும். இத்தனை கோடி ஏற்றுமதி, இத்தனை ஆயிரம் கம்பெனி, இத்தனை லட்சம் பேருக்கு வேலை. கணக்கில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தூக்கி நிறுத்துவது ஒரு சொல். உழைப்பு. "எப்படிங்க இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று பனியன் கம்பெனிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எல்லாம் உழைப்புதானுங்க" என்பார். பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சொல் யாரை உள்ளே விடுகிறது, யாரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

இதற்காக நான் எடுத்துக்கொண்ட காலம் நூற்றாண்டு திரும்பிய அந்தப் பத்து வருடம், சுமாராக 1995 முதல் 2005 வரை. ஊர் தலைகீழாக மாறிய காலம் அது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் தொடங்கியது. 2001 கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் மட்டுமே மூன்றரை லட்சத்தை நெருங்கி மக்கள் இருந்தார்கள். 2004 டிசம்பரோடு உலகத் துணி வர்த்தகத்தில் கோட்டா முறை முடிந்தது. எவ்வளவு சரக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்றானது. அதன் பிறகுதான் 2008இல் மாநகராட்சி, 2009இல் தனி மாவட்டம் எல்லாம். ஊருக்குப் பதவி உயர்வு கிடைப்பதற்கு முன்னால், ஊரின் கதை எப்படிச் சொல்லப்பட்டது?

மூன்று புத்தகங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' (1998), எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004), ஷரத் சாரி ஆங்கிலத்தில் எழுதிய 'ஃப்ரட்டர்னல் கேபிடல்' (2004). முதல் இரண்டும் நாவல்கள். மூன்றாவது ஆய்வு நூல். தலைப்பைத் தமிழில் சொன்னால் 'சகோதர மூலதனம்' என்று வரும்.

சாரியிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உழைப்பு என்ற சொல்லையே பிடித்து மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்த்தவர் அவர்தான். 1990களின் பிற்பகுதியில் திருப்பூரில் தங்கி, பனியன் முதலாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்தார். அவர்களில் பெரும்பகுதி கொங்கு வேளாளக் கவுண்டர்கள். சுற்றுப்புறக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள். ஊருக்கு வந்தபோது முதலாளியாக வரவில்லை, வேலையாளாக வந்தார்கள். கட்டிங் கற்று, மெஷின் ஓட்டி, நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சின்ன யூனிட் போட்டு, பிறகு பிரிந்து தனித்தனியாக மேலே வந்தவர்கள். இந்தக் கதையைச் சாரி நம்புகிறார். நம்பியபடியே ஒரு படி தள்ளிப்போய்க் கேட்கிறார்: காட்டில் கவுண்டரோடு சேர்ந்து மாதாரிகளும்தான் வெயிலில் நின்றார்கள். அவர்களுடைய உழைப்பு ஏன் மூலதனமாகவில்லை? கம்பெனியில் ஆணோடு சேர்ந்து பெண்ணும்தான் ராத்திரி வரை நிற்கிறாள். அவள் ஏன் கூட்டாளியாக முடிவதில்லை?

அவர் பதில் தலைப்பிலேயே இருக்கிறது. உழைப்பு ஏணியாக வேண்டுமென்றால் கூடவே சாதி உறவு வேண்டும், கடன் கொடுக்கும் மாமன் மச்சான் வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தவர்களின் உழைப்புக்கு மட்டும்தான் ஊரில் உழைப்பு என்று பெயர். மற்றதற்குக் கூலி என்று பெயர். உள்ளூரில் இருந்துகொண்டு இதை இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

ஆனாலும் ஒரு குறை. சாரியின் நூலின் கனமான பக்கங்கள் முதலாளிகளின் வாயிலிருந்து வந்தவை. சகோதரர்களின் கூட்டணியை விமர்சிக்கிற புத்தகத்திலும் அதிகம் பேசுவது சகோதரர்கள்தான். ஏற்றுமதி பெருத்த 1980களுக்குப் பிறகு பெண்கள் பெருமளவில் கம்பெனிக்குள் வந்ததை அவர் விளக்குகிறார். எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள், ஏன் கூலி குறைவு என்றெல்லாம் சொல்கிறார். அவர்களின் கதை என்று ஒன்று, ஒரு முதலாளியின் கதைக்குச் சமமான நீளத்தில், மனதில் நிற்பதில்லை.

'சாயத்திரை'க்கு வேறு கவலை. யார் உழைத்தார்கள் என்று அது கேட்பதில்லை. அந்த உழைப்பின் அழுக்குத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்கிறது. நொய்யல்தான் கதை. 1992இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று அணை கட்டினார்கள். கீழே இருக்கும் நிலங்களுக்கு நீர் தர வேண்டிய அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. தண்ணீர் திறந்தால் பயிர் போகும் என்பதால் திறக்காதே என்று விவசாயிகளே கேட்கும் நிலை. இப்படி ஒரு பாசன அணையை வேறெங்கே பார்ப்பது? வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2006 டிசம்பரில் தீர்ப்பு வந்து, உச்ச நீதிமன்றமும் பார்த்து, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. நாவல் வந்தது 1998இல். ஊர் பணம் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் ஆற்றைப் பார்த்த நாவல் அது.

அதைத் துண்டு துண்டாக இருக்கிறது, கதை ஓடவில்லை என்று குறை சொல்வது எளிது. எனக்கு அந்தத் துண்டு வடிவம் உறுத்தவில்லை. சாயத்துக்கு நாயகன் கிடையாது. கிணற்றில், வாய்க்காலில், ஆட்டின் வயிற்றில், தோலில் என்று அங்கங்கே கசிவதுதான் அதன் குணம். எனக்கு உறுத்துவது வேறு. சில இடங்களில் மனிதர்கள் சாட்சிக் கூண்டில் நிற்பவர்களாகச் சுருங்கிவிடுகிறார்கள். மாசைக் காட்டுவதற்காக வந்துவிட்டுப் போகிறார்கள். சாயத் தண்ணீரில் நிற்கிற ஒருவனுக்கு அந்தச் சம்பளத்தை வைத்து என்ன ஆசை இருந்தது என்று தெரிந்துகொள்ள மனம் ஏங்குகிறது.

அந்த ஆசையை எழுதிய நாவல் 'மணல் கடிகை'. ஐந்து நண்பர்கள். பள்ளிப் பருவத்தில் தொடங்கி, ஊர் பெருக்கப் பெருக்க அவர்களும் பெருக்கிறார்கள், சிதறுகிறார்கள். உழைப்புதான் எல்லாம் என்கிற ஊர்க் கதையை இந்த நாவல் வாதம் செய்யாமலே உடைக்கிறது. ஒரே ஊர், ஒரே காலம், ஒரே மாதிரி ஓட்டம்; ஒருவன் ஏறுகிறான், இன்னொருவன் சறுக்குகிறான். இடையில் பணமும் உடம்பும் செய்கிற வேலையைக் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். திருப்பூர் நாவல் என்று ஒன்றை மட்டும் கையில் கொடுக்கச் சொன்னால் இதைத்தான் கொடுப்பேன். கொடுக்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்வேன்: இதில் பெண்கள் நிறைய வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் அந்த ஆண்களின் கண் வழியாக வருகிறார்கள்.

ஆக மூன்றும் மூன்று திசையில் போய், ஒரே இடத்தில் இடறுகின்றன. செக்கிங் டேபிளில் நிற்கிற பெண், பிசிறு வெட்டுகிற பெண், டெய்லர் பக்கத்தில் கைமடிக்கிற சிறுமி. காலை எட்டரைக்கு உள்ளே போய் ராத்திரி எட்டரை வரை 'ஒன்றரை ஷிப்ட்' பார்த்துவிட்டு, சனிக்கிழமை சம்பளக் கவரோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பவள். ஊரின் பாதி அவள். அவள் தன் வாயால் பேசுகிற ஒரு புத்தகத்தை, அந்தப் பத்து வருடத்திலிருந்து என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை. ஏற்றுமதிக்குப் புள்ளிவிவரம் இருக்கிறது. ஆற்றுக்கு நீதிமன்றக் கோப்பு இருக்கிறது. ஆண்களுக்கு நாவல் இருக்கிறது. அவளுக்கு என்ன இருக்கிறது?

எழுத்தாளர்களை மட்டும் கேட்டுப் பயனில்லை. ஊர் தன் நினைவுக்கு என்ன ஏற்பாடு செய்தது என்பதும் கேள்விதான். இங்கே ஒரு வெளியூர் உதாரணம் உதவும். நூறு வருடம் முன்னால், இதே போல் ஒரே தொழிலில் கொழித்த பகுதி வேல்ஸ். தெற்கு வேல்ஸ் நிலக்கரி 1913இல் உச்சத்துக்குப் போனது, ஏறத்தாழ 5.7 கோடி டன். அந்தச் செழிப்பான காலத்திலேயே அவர்கள் வேறு சிலவற்றையும் கட்டிக்கொண்டார்கள். 1893இல் வேல்ஸ் பல்கலைக்கழகம். 1907இல் தேசிய நூலகத்துக்கும் தேசிய அருங்காட்சியகத்துக்கும் சாசனம். கீழ்மட்டத்தில், சுரங்கத் தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து பென்னிக் கணக்கில் போட்டு ஊருக்கு ஊர் மன்றமும் படிப்பகமும் வைத்தார்கள். சுரங்கங்கள் மூடத் தொடங்கி அந்தப் படிப்பகங்கள் சிதறியபோது, மிஞ்சிய நூல்களைக் காப்பாற்றி 1973இல் ஸ்வான்சீயில் சுரங்கத் தொழிலாளர் நூலகம் திறந்தார்கள். கிழவர்களின் பேச்சையும் பதிவுசெய்து வைத்தார்கள்.

வேல்ஸைச் சொர்க்கமாக்க இதைச் சொல்லவில்லை. அங்கேயும் சுரங்கத்துக் கதை ஆணின் கதையாகத்தான் நெடுநாள் இருந்தது. கரித்துணி துவைத்தவளைப் பற்றி எழுத நாளாயிற்று. ஆனால் எழுத உட்கார்ந்தபோது தேடிப் போக ஓர் இடமாவது இருந்தது.

திருப்பூருக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றும் சொல்ல முடியாது. காதிக் காலத்தில் துணியும் பொதுவாழ்வும் இங்கே ஒன்றாகத்தான் இருந்தன. 1932 ஜனவரியில் கொடியோடு விழுந்த குமரனுக்கு நினைவகம் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் வலுவான ஊர். புத்தகக் கண்காட்சி நடக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, சுப்ரபாரதிமணியன் 'கனவு' என்று சிற்றிதழே நடத்தினார். இல்லாதது ஒன்றுதான்: பனியன் தொழிலின் காகிதங்களைச் சேர்த்து வைக்கிற ஓர் அறை. கூலி ஒப்பந்த நகல், சங்கத் துண்டறிக்கை, அட்டெண்டன்ஸ் கார்டு, சம்பளக் கவர், வேலைநிறுத்தத்தில் எடுத்த போட்டோ. இதெல்லாம் இன்று யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ, பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டதோ.

கோடிக் கணக்கு புழங்குகிற ஊரில் இதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை. ஒரு கம்பெனியின் ஒரு சாம்பிள் ரூம் அளவு இடம் போதும். அவசரம்தான் அதிகம். 1995இல் இருபது வயதில் செக்கிங்குக்கு வந்தவளுக்கு இன்று ஐம்பது தாண்டிவிட்டது. கண் மங்கி, இடுப்பு வலி வந்து, பலர் வேலையை விட்டாயிற்று. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அப்படி ஓர் அக்காவோ அத்தையோ கட்டாயம் இருப்பார். போனில் ரெக்கார்டரைப் போட்டு, "முதல் வாரச் சம்பளம் எவ்வளவுங்க, அதை யார் கையில கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். மூன்று புத்தகத்திலும் கிடைக்காத பதில் அது.