மணிமேகலையைக் காணோம்

வால்டாக்ஸ் சாலைக்குத் தெற்கே சென்ட்ரல் ஸ்டேஷன், வடக்கே மூலக்கொத்தளம். தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்திறங்கியபோது, படப்பெட்டியை ஸ்டேஷனிலிருந்து இந்தச் சாலை வழியாகத்தான் மிண்ட் தெருவின் கினிமா சென்ட்ரலுக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடந்தார்கள். வழியெங்கும் தேங்காய் உடைத்தார்கள், சூடம் கொளுத்தினார்கள், ரோஜா இதழ் தூவினார்கள். படம் வெளியானது 1931 அக்டோபர் 31-இல். அதாவது, ஒரு காட்சியைக்கூடப் பார்க்காமலே பெட்டிக்குப் பூசை போட்டாயிற்று.

தமிழ் ரசிகர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த வரவேற்பைப் பற்றியதுதான். கட்-அவுட், பாலாபிஷேகம், விடியற்காலைக் காட்சி, மன்றங்கள், அவற்றின் அரசியல் என்று நிறையப் படித்திருக்கிறோம். படம் முடிந்து வெளியே வருகிறவர் என்ன பேசிக்கொண்டு போகிறார் என்பதை எழுதியவர்கள் குறைவு. பல பாகங்களாக ஓடிய ஒரு பெருங்கதை கடைசியாக முடியும்போது ரசிகர் எதற்குக் கோபப்படுகிறார், எதை ஏற்றுக்கொள்கிறார் என்பதை நாம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்பது என் எண்ணம். அதைக் கேட்பதற்குத் தமிழில் இருக்கும் ஆகப் பெரிய வாய்ப்பு 2023 ஏப்ரல் 28-இல் வெளியான ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம்.

அதற்கு முன் 1954-க்குப் போய்வர வேண்டும். அந்தப் படத்துக்கு மூலமான கல்கியின் தொடர் 1950 அக்டோபரில் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் ஓடியது. மணியம் வரைந்த படங்களோடு வாராவாரம் வந்த பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்டு பண்ணி வைத்த வீடுகள் ஊரெங்கும் இருந்தன. துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் பி அண்ட் சி மில்லுக்கும் வேலைக்குப் போன குடும்பங்களுக்கு லெண்டிங் லைப்ரரிகள் வழியாகவும் அது வந்து சேர்ந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பதும் உண்டு. இப்படி ஆண்டுக்கணக்கில் ஒரு கதையோடு குடித்தனம் நடத்தியவர்களிடம் ‘முற்றும்’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை. பல வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கதை சட்டென்று நின்றுவிட்டது, இன்னார் கதி என்ன என்று கேட்டார்கள்.

கல்கி அதற்கு ஒரு முடிவுரை எழுதினார். புத்தகப் பதிப்புகளில் இன்றும் அது இருக்கிறது. பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தமிழில் ரசிகர் எதிர்வினை பற்றி நம்மிடம் உள்ள மிகச் சிறந்த ஆவணம் அதுதான் என்பேன். வந்தியத்தேவனும் குந்தவையும் மணந்துகொண்டார்களா, நந்தினி என்ன ஆனாள், ரவிதாஸன் கூட்டம் என்ன ஆயிற்று என்பது போன்ற கேள்விகளை அவரே வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஒரு நாவல் எங்கே நிற்கலாம் என்பதற்குத் தம் தரப்பு நியாயத்தையும் வைக்கிறார்: கைக்கு வந்த மகுடத்தைச் சோழ இளவரசன் அருள்மொழி இன்னொருவருக்குக் கொடுக்கும் இடம்தான் சிகரம், அதற்குப் பிறகு இந்தக் கதை ஏற வேண்டிய உயரம் இல்லை. ஐந்தாம் பாகத்தின் பெயரே ‘தியாகச் சிகரம்’. அதே ஆண்டு டிசம்பரில் கல்கி காலமானார். கேள்விகள் அடங்கவில்லை. விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிக் கதையை மேலே கொண்டுபோனதற்கு அந்தப் பசியும் ஒரு காரணம்.

சினிமாவுக்குப் ‘பொன்னியின் செல்வன்’ வந்த பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எம்.ஜி.ஆர். 1958-இல் உரிமை வாங்கிக் கைவிட்டார். 1999-இல் மேஜிக் லேண்டர்ன் குழு மேடையேற்றியது. மணிரத்னம் இரண்டு முறை தொடங்கி நிறுத்தி, மூன்றாவதில் முடித்தார். திரைக்கதையில் அவரோடு ஜெயமோகனும், அந்த மேடை நாடகத்தை எழுதிய இளங்கோ குமரவேலும் இருந்தார்கள். 2022 செப்டம்பர் 30-இல் முதல் பாகம் வந்தபோது படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றாகக் கொண்டாடினார்கள். ஏழு மாதம் கழித்துப் பிளவு தெரிந்தது. வசூலிலும் இரண்டாம் பாகம் முதலாவதை எட்டவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர் விடுகிறாள். மூன்றரை ஆண்டு படித்தவர் கடைசியாகக் கண்ட முகம் அது. கடம்பூர் மாளிகையில் துள்ளித் திரிந்தவள், ஒருதலையாய்க் காதலித்தவள், செய்யாத கொலையைத் தன்மேல் போட்டுக்கொண்டவள். படத்தில் அவளே கிடையாது. அண்ணன் கந்தமாறன் இருக்கிறான், மாளிகை இருக்கிறது, தங்கை மட்டும் இல்லை. மதுராந்தகன் இல்லை, சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்ற திருப்பமும் போயிற்று. படத்தில் அருள்மொழி மகுடத்தைத் தருவது ரகுமான் நடித்த மதுராந்தகனுக்கே. அமுதனோடு அரியணை ஏற வேண்டிய பூங்குழலியும் இதனால் பாதியிலேயே நின்றுபோகிறாள். அதோடு புத்தகத்தில் இல்லாத ஒரு போர் கடைசியில் வந்து சேர்ந்தது.

ராயபுரம் பக்கம் ஒரு தியேட்டரில் முதல் வாரத்தில் பார்த்தேன். விளக்கு போட்ட பிறகும் ஓர் அம்மாள் சீட்டை விட்டு எழவில்லை. அறுபது வயது தாண்டியிருக்கும். “அந்தக் கடம்பூர் பொண்ணு இன்னா ஆச்சுனே காட்லியே?” என்றார். பக்கத்திலிருந்த மகன், “யாரும்மா அது?” என்றான். அவர் படிக்கட்டு இறங்கும்வரை மணிமேகலை கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவன் கேட்டுக்கொண்டான், ஆனால் அவன் குறை வேறு. “கரிகாலன் செத்தப்பறம் படம் அப்டியே நின்னு போச்சும்மா” என்றான். புத்தகம் படித்தவருக்கு மணிமேகலை, படிக்காதவனுக்கு விக்ரமின் கரிகாலன். பிரிவை நின்று தாங்கிக்கொள்ள இருவருக்குமே படம் நேரம் தரவில்லை என்பதுதான் அந்த இரண்டு குறைகளிலும் இருந்தது.

பத்திரிகை விமர்சனங்கள் பெரும்பாலும் அம்மாளின் குறையைத்தான் பேசின. நாவலுக்கு விசுவாசமா இல்லையா என்ற ஒரே தராசில் எல்லாம் நிறுக்கப்பட்டது. அந்தத் தராசு போதாது. அமுதன் திருப்பத்தை விட்டது சரி என்றே நினைக்கிறேன். எதிரியாக நின்ற சிற்றப்பனுக்கே மகுடத்தைக் கொடுப்பதில் தியாகத்தின் எடை கூடுகிறது. உடையார்குடிக் கல்வெட்டு கொலைகாரர் பெயர்களைச் சொன்னாலும் கல்கி கரிகாலன் சாவை மர்மமாகவே விட்டார். படமோ அவனைச் சாவைத் தேடி நந்தினியின் அறைக்குள் நடந்துபோக வைத்தது. அது துணிவான, அழகான மாற்றம். இரண்டாம் பாகம் அவர்களுடைய இளம்பருவக் காதலில் தொடங்குவதும் அந்த அறைக்குக் கூட்டிப்போகத்தான். ஆனால் அவ்வளவு பெரிய சாவுக்குப் பிறகு உடனே குதிரைகளையும் வாட்களையும் கொண்டுவந்து நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. மணிமேகலையை நீக்கியதையும்தான்.

முடிவு தெரிந்த கதையை எப்படி முடிப்பது என்று நம் கூத்துக்காரர்களுக்குத் தெரியும். வடசென்னைக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பல செங்கல்பட்டு, ஆற்காடு, விழுப்புரம் பக்கத்தவை; திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. அங்கே கடைசி நாள் படுகளம். துரியோதனன் மண்ணால் பிரம்மாண்டமாகக் கிடப்பான். பதினெட்டாம் போர் விடிய விடிய நடந்து காலையில் அந்த மண்ணுருவின் தொடை பிளக்கப்படும். திரௌபதி கூந்தலை முடிவாள். அதோடு எழுந்து போய்விட மாட்டார்கள். துரியோதனனுக்காக ஒப்பாரி உண்டு. இத்தனை இரவு வெறுத்தவனுக்காகக் கூட்டம் அழும். பெண்கள் அந்த மண்ணைக் கையளவு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதன் பிறகுதான் தீமிதி. யார் ஜெயிப்பார் என்ற கேள்வி அங்கே யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் உரிய மரியாதை நடந்ததா என்பதே கேள்வி.

முடிவு தெரிந்த கதையை முடிக்கும் சிக்கல் ‘பாகுபலி’க்கு வரவில்லை. அதற்கு மூலநூல் இல்லை. 2015 ஜூலையிலிருந்து ரசிகர் கையில் இருந்தது பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற ஒற்றைக் கேள்வி. இரண்டாம் பாகம் வந்த 2017 ஏப்ரல் 28 அன்று தமிழ்நாட்டில் பணப் பிரச்சினையால் காலைக் காட்சிகள் ரத்தாகியும் கூட்டம் காத்திருந்து பார்த்தது. பதில் கிடைத்தது, திருப்தியும் கிடைத்தது.

வெளிநாட்டுக் கதையும் வேறில்லை. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் படம் 2003-இல் வந்து 11 ஆஸ்கர் வாங்கியது. ஆனாலும் ஹாபிட்டுகள் ஊர் திரும்பி ஷயரை மீட்கும் பகுதி இல்லையே என்று டோல்கீன் வாசகர்கள் இன்றும் சொல்கிறார்கள். சாருமானின் முடிவைத் தியேட்டர் பிரதியிலிருந்து வெட்டியதில் கிறிஸ்டோஃபர் லீக்கே மனவருத்தம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 2019-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள்.

வடசென்னைக்காரர்களுக்குத் தங்கள் சொந்தப் பெருங்கதை ஒன்றும் பாக்கி இருக்கிறது. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018 அக்டோபர் 17-இல் வந்தது. மீனவர்கள் சில காட்சிகளுக்கு எதிர்ப்புச் சொன்னபோது வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார். பார்த்தவர்கள் அதைத் தங்கள் கதையாகவே எடுத்துக்கொண்டதால் வந்த எதிர்ப்பு அது. அடுத்த பாகம் எப்போது என்று அவரை மேடைக்கு மேடை கேட்கிறார்கள். அமீர் நடித்த ராஜனின் முன்கதையைக் கேட்கிறார்கள், அன்பு என்ன ஆவான் என்று கேட்கிறார்கள், சந்திராவின் பழி தீருமா என்று கேட்கிறார்கள். 1954-இல் கல்கிக்கு வந்த கேள்விகளும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் பெயர் சொல்லி வந்தன. அந்தப் படம் என்றாவது முடியும்போது மாலை போட்டுப் பெட்டியை வரவேற்பதைப் படம் பிடிக்கிறவர்கள், மூன்று மணி நேரம் கழித்து வெளிவாசலிலும் ஒரு மைக்கோடு நிற்க வேண்டும்.