கருவி கண்ணைப் பார்க்குது. ஆளை யார் பார்ப்பது?

‘செயற்கை நுண்ணறிவும் மக்கள் நலமும்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் ஒரே அச்சில்தான் எழுதுறாங்க. தொடக்கத்தில் ‘இன்றைய நவீன உலகில்’, நடுவில் நன்மைகள் நான்கு, கடைசியில் ‘அளவோடு பயன்படுத்தினால் நன்மையே’. எழுத்துப்பிழை இருக்காது. அதே வேளையில் ஒரு நோயின் பெயரும் இருக்காது, ஓர் ஊரின் பெயரும் இருக்காது. எதைக் கொண்டு அளந்து ‘நன்மை’ என்று முடிவு செய்தார் என்பதும் தெரியாது. அளவுகோல் இல்லாத பாராட்டு திறனாய்வு ஆகாது.

ஆகவே, ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு திறனாய்வு செய்து பார்ப்போம். நீரிழிவு நோயாளியின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, ‘பாதிப்பு உண்டு, இல்லை’ என்று சொல்லும் கூகுளின் கருவி அது. அளவுகோலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெபோங் பக்கமோ ஜாசின் பக்கமோ செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வாழும் ஒரு பாட்டியின் பார்வையை இது காப்பாற்றுமா?

ஏன் இந்த நோய்?

நம் பேச்சு வழக்கில் ‘இனிப்பு நீர்’ என்கிறோம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டுக் கசியத் தொடங்கும். தொடக்கத்தில் வலி இல்லை, பார்வையும் மங்காது. அதனால்தான் “கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டரு?” என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். மங்கத் தொடங்கிய பிறகு போனால், இழந்ததை முழுதாக மீட்பது கடினம். முன்கூட்டியே கண்டால் லேசர் சிகிச்சை, ஊசி மருந்து முதலியவற்றால் பார்வையைக் காக்கலாம். ஆக, நோய் தெரியாத காலத்தில் படம் எடுப்பதுதான் முக்கியம்.

கருவியின் பலம்

இந்தக் கருவிக்கும் தமிழர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கூகுளுக்குப் படங்கள் தந்த நிறுவனங்களுள் ஒன்று. சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா, அமெரிக்காவின் ஒரு பரிசோதனைத் திட்டம் ஆகியவையும் படங்கள் தந்தன. மொத்தம் 128,175 படங்கள். அவற்றை 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்தார்கள். அதைப் பார்த்துக் கருவி கற்றுக்கொண்டது. 2016இல் முடிவுகள் வெளிவந்தன. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளிடம் சோதித்தபோது, மனிதத் தர மதிப்பீட்டாளர்களுக்கு ஈடாகவோ சற்று மேலாகவோ கருவி செயல்பட்டது. அந்த முடிவு 2019இல் வெளியானது.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவு மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, ‘வெள்ளைக்காரர்களின் தரவில் பழகியது, நமக்குப் பொருந்தாது’ என்பது. இந்தக் கருவியிடம் அது எடுபடாது. நம் கண்களைப் போன்ற கண்களையும் பார்த்துத்தான் இது பழகியிருக்கிறது. அப்படியென்றால் சிக்கல் எங்கே?

தடுமாறிய இடம்

விடை தாய்லாந்தில் கிடைத்தது. 2018 நவம்பர் முதல் 2019 ஆகஸ்ட் வரை, பாத்தும் தானி, சியாங் மாய் வட்டாரங்களில் 11 கிளினிக்குகளுக்கு ஆய்வாளர்கள் சென்று பார்த்தார்கள். கருவி வருவதற்கு முன், தாதியர் படம் எடுத்து நிபுணருக்கு அனுப்பிவிட்டுப் பத்து வாரம்கூடக் காத்திருந்தார்கள். கருவியோ அன்றைக்கே விடை சொல்லக்கூடியது. பெரிய முன்னேற்றம்தான்.

ஆனால் பல கிளினிக்குகளில் படம் எடுக்க இருட்டறை இல்லை. படங்களில் ஏறக்குறைய 21 விழுக்காட்டைத் ‘தெளிவில்லை’ என்று கருவி ஏற்க மறுத்தது. ஓர் இடத்தில் இணையம் இரண்டு மணி நேரம் நின்றதால், வந்தவர்களில் பாதிப்பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது. படம் ஏற்கப்படாதவர் இன்னொரு நாள் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேலையை விட்டுப் போக முடியாதவர்களுக்கு அது சுமை. இதைப் பார்த்த தாதியர் சிலர், ‘இதில் சேராதீங்க’ என்றே நோயாளிகளுக்குச் சொன்னார்கள்.

மங்கலான படத்தை மறுத்தது கருவியின் பிழை அன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நல்ல குணம்தான். ஆனால் அந்த எச்சரிக்கைக்கு ஒரு நாள் கூலியைக் கொடுத்தவர் யார்? நோயாளி. ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய கருவி, கிளினிக் வாசலில் தடுமாறியது இதனால்தான்.

நம் ஊருக்கு வந்தால்

அதே கருவியை மலாக்காவில் வைத்துப் பார்ப்போம். அந்தக் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே டிரெசர் இருந்தார். சிகிச்சை எப்படி இருந்ததோ, அவருக்கு ஆள் தெரியும், வீடு தெரியும், “ஏம்மா, மருந்து சாப்பிட்டியா?” என்று தமிழில் கேட்கவும் தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்த இடங்களும் உண்டு. இளையவர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பல வீடுகளில் முதியவர்கள் மட்டுமே. அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் அங்கே போய்வர கிராப் காருக்குக் கொடுப்பது எத்தனை வெள்ளி? கூட்டிக்கொண்டு போக வேண்டிய மகன் விடுப்பு எடுத்தால் இழப்பது எவ்வளவு? படத்தில் பாதிப்பு தெரிந்தால், அடுத்த பயணம் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்க ஒரு கணிப்பு முறை இருந்தது. நோயின் கடுமையை அது, ‘இவருக்கு இதுவரை எவ்வளவு செலவானது’ என்பதைக் கொண்டு அளந்தது. கறுப்பினத்தவர்களுக்கு நோய் இருந்தும் செலவு குறைவாகவே ஆகியிருந்தது. அதனால் ‘இவர்கள் ஆரோக்கியமானவர்கள்’ என்று முறை எடுத்துக்கொண்டது. அதைத் திருத்தினால், கூடுதல் உதவி பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என்று 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கிளினிக்குக்கே போகாத தோட்டத்துப் பாட்டிக்கும் பதிவேடு கிடையாது. பதிவேட்டை மட்டும் நம்பும் கணினிக்கு, அவர் நோயே இல்லாதவர்.

தீர்ப்பு

‘கருவி இல்லாவிட்டால் இந்த அளவும் நடக்காதே’ என்று ஒருவர் வாதிடலாம். நியாயமான வாதம். கண் நிபுணர்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். 2024 மார்ச்சில் கூகுள், இந்தியாவிலும் தாய்லாந்திலும் பத்து ஆண்டுகளில் 6 மில்லியன் இலவசப் பரிசோதனைகளுக்கு இந்தக் கருவி உதவும் என்று பங்காளி நிறுவனங்களோடு அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால் பரிசோதனைகளின் எண்ணிக்கை ஒரு கணக்கு. பார்வை காக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை வேறு கணக்கு. நாம் கேட்க வேண்டியது இரண்டாவது கணக்கை.

எல்லாருக்கும் ஒரே கருவியைக் கொடுப்பது சமம். வர முடியாதவரிடம் கேமராவை வேனில் கொண்டு போவது, முடிவைத் தமிழில் விளக்குவது, அடுத்த சிகிச்சைக்கு வண்டி ஏற்பாடு செய்வது, இவைதான் சமநீதி. என் தீர்ப்பு இதுதான்: படத்தைப் படிப்பதில் கருவி தேர்ச்சி பெற்றுவிட்டது; படத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பாதையில் நாம் இன்னும் தேர்ச்சி பெறவில்லை. அந்தப் பாதையைப் போடாமல் கருவியை மட்டும் வாங்கினால், ஏற்கெனவே கிளினிக்குக்குப் போகிறவர்களுக்கே அது மீண்டும் பயன்படும்.

வகுப்பறைக்கு

1. ‘சமம்’, ‘சமநீதி’ ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, உங்கள் ஊர் கிளினிக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு பத்தியில் எழுதுக.

2. தாய்லாந்துத் தாதியர் ‘சேராதீங்க’ என்று சொன்னது சரியா? இரு தரப்பு வாதங்களையும் எழுதி, உங்கள் நிலைப்பாட்டை நிறுவுக.

3. உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ள பெரியவர் கடைசியாக எப்போது கண் பரிசோதனை செய்தார் என்று கேளுங்கள். இதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் இன்றைக்கே கேளுங்கள்.