அமர்நீதியார் துலையும் வாணிகர் கணக்கும்

தெய்வபத்தியையும் நல்லொழுக்கத்தையும் வாணிகத்தினுட் புகுத்தல் வேண்டும் என்னுஞ் சொல் இக்காலத்தே பலர் வாயிலும் வழங்குகின்றது. புதிதாகக் கடை திறப்பாரும், பெருந்தொழில் வகுப்பாரும் அதனை விரும்பிக் கேட்கின்றனர். சொல் நன்றே. அதற்குக் காட்டப்படுங் காரணமே ஆராயற்பாலது. மெய்ம்மை உடையான்பால் கொள்வோர் மிகுவர். தொண்டு செய்வான் பெயர் பரவும். வழிபாடு உடையான் இடரிற் கலங்கான். ஆதலின் ஊதியம் பெருகும் என்பது அவர் கூறுங் காரணமாம். இதற்குத் திருத்தொண்டர் புராணத்து வணிகர்குல நாயன்மார்களைச் சான்றாக எடுத்துக்காட்டுவாரும் உளர். அப்புராணம் அச்சான்று தருகின்றதா என்பது ஈண்டு ஆராயப்படும்.

சேக்கிழார் சுவாமிகள் கணக்கறியாத துறவியர் அல்லர். 1133 முதல் 1150 வரை அரசு புரிந்த இரண்டாங் குலோத்துங்கனாகிய அநபாய சோழனிடம் அமைச்சுரிமை பூண்டவர் அவர் என்பது சைவவுலகம் அறிந்த செய்தி. வரவுஞ் செலவும் பண்டசாலையும் அவர்க்குப் புதியன அல்ல. ஆதலின் வணிகர் வரலாறு சொல்லுமிடத்து அவர்தம் வளத்தை அவர் சுருக்குவதில்லை. பழையாறையிலே அமர்நீதியார்பால் பொன்னும் மணியும் பட்டும் துகிலும் குவிந்திருந்த சிறப்பை மகிழ்ந்தே பாடுகின்றார். பொருளீட்டுதலை அவர் இகழ்ந்திலர். ஆயினும் அப்பொருள் அடியார்தொண்டின் பயனாகத் திரண்டது என்று ஒரு சொல்லும் அங்கே வைத்திலர்.

அவ்வரலாறு அன்பர்கள் அறிந்ததே. அடியார்களுக்கு அமுதளித்துக் கந்தையுங் கீளுங் கோவணமும் கொடுத்து வந்த அமர்நீதியார், திருநல்லூர்த் திருவிழாக் காண விரும்பி அங்கே மடம் அமைத்துச் சுற்றத்துடன் உறைந்தார். இறைவர் பிரமசாரி வடிவங்கொண்டு, தண்டிலே இரு கோவணங்களைக் கட்டி வந்து, ஒன்றனை அவரிடம் அடைக்கலமாக வைத்து நீராடச் சென்றார். வைத்த கோவணம் மறைந்தது. மழையில் நனைந்து மீண்டவர் அதனை வேண்டினர். தேடிக் காணாத அமர்நீதியார் வேறொரு நல்ல கோவணத்தைக் கொண்டு வந்து, மெய்ந்நடுங்கி நின்றார்.

அப்பொழுது பிரமசாரியார் வெகுண்டு கூறிய சொல்லே இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. நல்ல கோவணங் கொடுப்பேன் என்று நீர் நாடோறும் உலகமெங்கும் சொல்லுவித்தது என் கோவணத்தைக் கவர்தற்குத்தானோ, உமது வாணிகம் மிக அழகியது, என்னும் பொருள்பட இறைவர் வாக்கிலே அதனை அமைத்தார் சேக்கிழார். தொண்டு பொய்யென்று அவர் இகழ்ந்திலர். கோவணம் கொடுக்கப்பட்டது மெய், வாங்கினோரும் பலர். அக்கொடை எதற்கு விரித்த வலை என்பதே வினா. வாணிகன் ஒருவன் அறஞ்செய்தால் அவன்மேல் எழக்கூடிய ஐயங்களுள் இதனினும் கூரியது பிறிதில்லை. அமர்நீதியார் திறத்து அது முற்றும் பொருந்தாது என்பதைக் கற்போர் அறிவர். பொருந்தாத பழியை இறைவர் ஏன் சுமத்துகின்றார் எனின், அப்பழிக்கு இடமில்லாமையை உலகறியக் காட்டுதற்கு என்க. தொண்டினை விளம்பரமாக்கி அதனால் வாடிக்கை பெருகும் என்று திட்டமிடுவோர், இப்புராணத்தைத் தமக்குச் சான்றாக்குமிடத்து, இறைவர் வெகுளியை மறந்து விடுகின்றனர்.

நாயனார் விடை யாது? தாம் செய்த தொண்டினை எண்ணிக் காட்டித் தம்மை நிலைநாட்டினாரல்லர். அறியாது நேர்ந்தது, பொறுத்தருள்க என்றே இரந்தார். பொன்னும் மணியும் பட்டும் ஈடாகத் தருவேன் என்றார். இழந்ததற்கு விலை கொடுத்து ஈடுசெய்தல் வணிகர் மரபன்றோ! அது கொள்ளப்படவில்லை. பொன்னால் ஆவதென், நிறையொத்த கோவணமே வேண்டும் என்றார் வந்தவர். துலை நாட்டப்பெற்றது. தண்டிலிருந்த மற்றைக் கோவணம் ஒரு தட்டிலே ஏறிற்று. எதிர்த்தட்டில் நாயனார் இட்ட கோவணங்களும், துகிற்பொதிகளும், பொன்னும் பிற பொருள்களும் அதற்கு நேராகவில்லை. எஞ்சியது தாமும் மனைவியும் மைந்தனுமே. அடியார் தொண்டிலே அன்பு வழுவாதிருந்தோமாயின் இத்துலை நேர்நிற்க என்று கூறி, ஐந்தெழுத்தோதி மூவரும் ஏறினர். தட்டு நேர்நின்றது.

இவ்விடத்தை வெறும் அற்புதமாகக் கொண்டு வியந்து போவார் பலர். துலை எவர் கருவி என்பதை நோக்குதல் வேண்டும். வாழ்நாளெல்லாம் பிறர் பொருளை நிறுத்த வாணிகன் கருவியிலேயே அவனுடைய சரக்கு முழுவதும் நிறுக்கப்பட்டது, அது போதவில்லை. முதலென்று அவன் எழுதியவை ஒருபுறம் ஒதுங்க, முதலை உடையவனே தட்டில் ஏற வேண்டியதாயிற்று. பின்னர் அத்துலையே விமானம்போல மேற்சென்று அவர்களைச் சிவலோகம் சேர்த்தது. பண்டசாலை மீண்டும் நிறைந்தது என்றோ, பழையாறைக் கடை பெருகியது என்றோ சேக்கிழார் பாடினாரல்லர்.

திருவள்ளுவனார் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் பிறர் பொருளையும் தம்பொருள்போற் பேணிச் செய்வதே வாணிகம் என்றதும் இதற்கு அரணாகும். பரிமேலழகர் அதனை நல்ல வாணிகம் என்று விளக்கினர். கொள்வது மிகாமலும் கொடுப்பது குறையாமலும் செய்தல் என்பது அவர் உரையின் கருத்து. மிக்க வாணிகம், வளரும் வாணிகம் என்று அவர் உரைத்திலர். அவ்வதிகாரத்தே முறைகாண்போர்க்குத் துலாக்கோலை உவமை கூறிய குறளும் இக்குறளும் அணித்தாக நிற்றல் நோக்கத்தக்கது. அவையத்தார்க்கும் வணிகர்க்கும் இவ்வறம் வேறாகச் சிறந்தது என்பதும் பரிமேலழகர் கருத்தே.

இனி, அன்பால் தொழில் வளரும் என்பார் கலியநாயனார் புராணத்தை ஒருமுறை ஓதுவாராக. திருவொற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவிலே எண்ணெய்த் தொழில் மரபிற் செல்வராய் வாழ்ந்தவர் அவர். கோயிலின் அகத்தும் புறத்தும் விளக்கெரித்து வந்தார். திருவருளாலே செல்வம் முழுதும் ஒழிந்தது. மரபினரிடம் எண்ணெய் வாங்கி விற்று வந்த கூலியால் விளக்கிட்டார், அவர்களும் கொடாதொழிந்தனர். செக்காடிக் கூலி பெற்றார், அவ்வேலையும் கிட்டாதாயிற்று. மனை விற்றார், மனைவியாரையும் விற்கத் துணிந்து கொள்வாரைக் கண்டிலர். எண்ணெய்க்கு மாறாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து கழுத்தை அரியத் தொடங்கியபோது இறைவர் கைப்பிடித்தருளினார். தொழில் முறையில் ஒவ்வொரு படியும் இறக்கமே. விளக்கு மாத்திரம் அவியவில்லை.

கடல்வாணிகத்தால் பெரும்பொருள் ஈட்டினான் என்று அப்புராணம் கூறுபவன் காரைக்காலம்மையாரின் கணவனாகிய பரமதத்தன். கலஞ்சமைத்து, செல்லுமிடத்தார் விரும்பும் பண்டங்களை ஆராய்ந்தேற்றி, கடற்றெய்வத்தையும் வணங்கி அவன் புறப்பட்டான். திட்டத்திற் குறையில்லை, தொடக்கத்து வழிபாட்டிலுங் குறையில்லை. செல்வமும் வந்தது. மாங்கனியின் அற்புதத்தைக் கண்டு அஞ்சி விலகியோடியவன் அவனே என்பதும் உடன் நிற்கின்றது.

அற்றேல், குங்கிலியக்கலயர்க்கு இறைவர் செல்வம் நிறைத்தாரன்றோ எனின், நிறைத்தார், மெய்யே. அவர் வணிகரல்லர் என்பது ஒருபுறமிருக்க, அவர் செய்த பண்டமாற்றை நோக்குக. மனைவியார் நெல்வாங்கக் கொடுத்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கினார். பசித்த வீட்டுக்கும் மீளாது கோயிற் பண்டாரத்திலே அன்பினால் தம்மை மறந்திருந்தார். கணக்கறிந்தார் எவரும் அதனை ஊதியம் தரும் வினை என்னார். செல்வம் அவர் வேண்டாமலே வந்தது.

சித்தாந்த நூலும் இதற்கு மாறன்று. பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அருணந்தி சிவாசாரியார் அருளினார். முதலிரண்டுமே வாணிகன் பேரேட்டின் இரு பக்கங்கள். அவை பிராரத்தமாக வருவன. அவற்றை மாற்றுதற்கு வழிபாட்டை விலையாகக் கொடுத்தல் சிவபுண்ணியமாகாது. அங்ஙனமாயின் முயற்சி எற்றுக்கு என்பார்க்கு, வருவது பிராரத்தமே எனினும், வந்ததை நுகருங்கால் மெய்யளவாற் செய்கின்றானோ பொய்யளவாற் செய்கின்றானோ என்பது அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதே விடை.

தமிழ்நாட்டு வணிகர் வழங்கி வந்த மகமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. கொண்ட சரக்கின்மீதும் விற்ற சரக்கின்மீதும் இவ்வளவென்று அறத்துக்கு எடுத்து வைக்கும் முறை பல ஊர்களில் நிலவியது. ஆண்டு முடிவில் ஊதியமோ இழப்போ, மகமை முன்னரே பிரிந்துவிடும். இந்திய அரசு 2013ஆம் ஆண்டு இயற்றிய கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, அளவிற் பெரிய நிறுவனங்கள் முந்திய மூன்றாண்டு நிகர ஊதியத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 பங்கினைப் பொதுநலத்திற்குச் செலவிடுமாறு விதித்தது. நாட்டுக்கு நன்மை தருவதாதலின் அதனை எவரும் குறைகூறார். எனினும் அது ஊதியத்தை முதலில் கண்டு, பின்னர் அறத்தை அளப்பது; மகமையோ ஊதியம் உண்டோ இன்றோ என அறியாமுன்னரே அறத்தைப் பிரிப்பது. கலியநாயனார் விளக்கு இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்பது வெளிப்படை. அவர்க்கு நிகர ஊதியம் இருந்த காலம் முன்னரே முடிந்துவிட்டது.

மகமைக்கும் குற்றம் இல்லாமலில்லை. மகமைப் பொருளால் எழுந்த மண்டபங்களிலும் கொடுத்தோர் பெயர் கல்லில் ஏறுவதுண்டு. சிலவற்றிலே சுவாமியின் திருநாமத்தினும் பெரிய எழுத்தில் ஏறுவதுண்டு. நல்லூரிலே பிரமசாரியார் கேட்ட வினா அக்கல்லின் முன்னரும் கேட்கத்தக்கதே.