பகைவன் எங்கே இருக்கிறான்?

பிள்ளைகள் பார்க்கும் பொம்மைப் படத்துக்கு ஓர் இலக்கிய ஏட்டில் திறனாய்வா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மஃரிபுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வேளையில், மதுரைக் காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும் நம் பிள்ளைகள் கைபேசித் திரையில் மூழ்கியிருக்கக் காண்கிறோம். அதட்டிப் பிடுங்கி வைப்பது எளிது. உடன் அமர்ந்து அதில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்பது அரிது. அந்த அரிய செயலை ஒருநாள் செய்தோம்.

நாம் பார்த்தது ‘டேனி ஃபேண்டம்’ என்னும் அமெரிக்க அசைவூட்டத் தொடரின் ஒரு கதை. பட்ச் ஹார்ட்மன் படைத்த இத்தொடர், நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 2004 முதல் 2007 வரை வெளிவந்தது. பேய்களை ஆராயும் பெற்றோர் அமைத்த கருவியால் நேர்ந்த விபத்தில், பாதி மனிதனும் பாதி ஆவியுமாகிவிட்ட 14 வயது டேனி, ஊரைத் தாக்கும் ஆவிகளோடு போராடுகிறான். இறந்தோர் பர்ஸகில் இருக்கின்றனர், ஆவியாய் அலைவதில்லை என்பது நம் கொள்கை. ஆகவே இப்பேய்களை உருவகமாகவே கொள்ளுதல் வேண்டும். அப்படிக் கொண்டால் இக்கதை நமக்குச் சொல்வது சிறிதன்று.

2005 செப்டம்பரில் ஒளிபரப்பான அக்கதையின் பெயர் ‘தி அல்டிமேட் எனிமி’. இறுதிப் பகைவன் எனலாம். பள்ளியில் ஒரு பெருந்தேர்வு நெருங்குகிறது. ஆவிகளோடு சண்டையிட்டே பொழுது கழிந்ததால் டேனி படிக்கவில்லை. ஒரு சண்டையின் குழப்பத்தில் தேர்வுக்குரிய விடைகள் அவனிடம் வந்து சேர்கின்றன. அவன் திருடச் சென்றவன் அல்லன். ஆயினும் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அந்தச் சிறு தயக்கத்திலிருந்துதான் பேரழிவு முளைக்கிறது.

நம் தலைமுறைக்குப் பேய்க்கதை என்றால் அம்புலிமாமாவின் வேதாளம்தான் நினைவுக்கு வரும். ஓவியர் சங்கர் வரைந்த அம்மன்னன், கையில் வாளும் தோளில் பிணமுமாய் நடப்பான். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அவன் தலை சுக்குநூறாகும். அங்கே தெரிந்த விடையை மறைப்பது குற்றம். இங்கே தெரியாத விடையைத் தெரிந்ததாகக் காட்டுவது குற்றம். இரண்டிலும் பேயைவிட வாய்மையே பெரிய சோதனை.

டேனி தன் எதிர்காலத்தைக் காண்கிறான். அவன் ஏமாற்றியதைப் பேச ஆசிரியர் பெற்றோரை அழைத்த இடத்தில் வெடிவிபத்து நேர்ந்து, குடும்பத்தாரும் தோழரும் ஆசிரியரும் மாண்டுபோகின்றனர். துயரம் தாளாத சிறுவன், ‘இந்த வேதனை எனக்கு வேண்டாம்’ என்று வேண்ட, அவனுடைய ஆவிப் பகுதி மனிதப் பகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. அப்படிப் பிரிந்த ஆவிதான் உலகையே சாம்பலாக்கும் கொடியவனாகிறது. பகைவன் வெளியிலிருந்து வரவில்லை, அவன் டேனியேதான்.

படைப்பின் உச்சம் இதுவே. துயரத்தை வெட்டியெறிந்தால் இரக்கமும் உடன் போய்விடும் என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீமின் மறைவின்போது கண்ணீர் விட்டார்கள். அக்கண்ணீரை ரஹ்மத் என்றே கூறினார்கள். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இஹ்யாவில், கோபத்தையும் ஆசையையும் வேரோடு களைவது நோக்கமன்று, பழக்கி நெறிப்படுத்துவதே பயிற்சி என விளக்குகின்றார்கள். நப்ஸை அறுத்தெறிய முடியாது. அதனோடு வாழ்ந்தே அதை வெல்ல வேண்டும். இப்பொம்மைப் படம் தன்னையறியாமலே அப்பாடத்தின் வாயிலில் வந்து நிற்கிறது.

ஆனால் அங்கேயே சறுக்கவும் செய்கிறது. தன் தீய வடிவத்தைப் போரில் வென்ற பிறகும் டேனியால் குடும்பத்தைக் காக்க முடிவதில்லை; வலிமை தீர்ந்து வீழ்கிறான். இதுவரை உண்மை. உடனே காலத்தை ஆளும் ஓர் ஆவி தோன்றி, அனைவரையும் காப்பாற்றி, பொழுதைத் தேர்வறைக்கே திருப்பிவிடுகிறது. செய்த பிழை நிகழாத பிழையாகிவிடுகிறது. இந்த வசதி எவருக்கு வாய்க்கும்?

இதை எழுதும் நமக்கு வாய்க்கவில்லை. 25 ஆண்டுகளுக்கு முன், மேலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருந்தோம். காலாண்டுத் தேர்வில் ஒரு மாணவன் துண்டுத்தாள் வைத்து எழுதுவதைக் கண்டு, அவனை எழுப்பி, அத்தாளை வகுப்பின் முன் உரக்கப் படிக்கச் செய்தோம். எல்லாரும் சிரித்தனர். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை, பிறகு வரவேயில்லை. கல்குவாரிக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். சில மாதங்களுக்குப் பின் பெரியாற்றுக் கால்வாய்க் கரையில் நம்மைக் கண்டதும், மிதிவண்டியை விட்டிறங்கி மரியாதையோடு ஒதுங்கி நின்றான். அவன் செய்தது ஒரு நாளைய பிழை. நாம் செய்தது அவன் படிப்பையே முடித்த பிழை. அன்று ஒரு சொல் பேசியிருக்கலாம். பேசவில்லை. எந்தக் கடிகாரமும் அந்தக் கால்வாய்க் கரைக்கு நம்மைத் திருப்பிக் கொண்டுபோகாது.

ஆதலின் படத்தின் இறுதிக் காட்சியே நம் நெஞ்சில் தங்கியது. டேனி எழுந்து சென்று விடைகளை ஆசிரியரிடம் ஒப்படைத்து உண்மையைச் சொல்கிறான். ஆசிரியர் அவனை வகுப்பின் முன் நிறுத்தவில்லை. மறுதேர்வு எழுத வாய்ப்பளிக்கிறார். காலம் திரும்பியது மாயம். ஒப்புக்கொண்டதும் மன்னித்ததும் மாயமல்ல. அவை எந்த வீட்டிலும், எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடியவை. தௌபா நடந்ததை அழிப்பதில்லை, நடந்தவனைத் திருப்புகிறது. கதாசிரியர் கால ஆவியை நம்பாமல் இந்த ஒரு காட்சியையே நம்பியிருந்தால், படைப்பு இன்னும் உயர்ந்திருக்கும்.

பொதுத்தேர்வு நெருங்கும்போதெல்லாம் மதிப்பெண்ணைச் சொல்லிப் பிள்ளைகளை அச்சுறுத்தும் பெற்றோருக்கும், நம்போன்ற ஆசிரியருக்கும் ஒன்று கூறுவோம். இக்கதையைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். முடிந்தபின் அறிவுரை கூறாதீர்கள். ‘நீ என்றேனும் இப்படிச் செய்ததுண்டா?’ என்று மெல்லக் கேளுங்கள். உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கு இரண்டாவது தேர்வு உண்டு என்பதை உங்கள் முகத்தில் அவன் காணட்டும்.