சோறு போட்டவர் மீது புகார்

பிரேமானந்தா வாயிலிருந்து லிங்கம் எடுத்ததைச் சொல்லிச் சிரித்துவிட்டு நகர்வது பகுத்தறிவாளர்களுக்கு எளிது. எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை.

மாத்தளையில் பிறந்த அவர், 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தமிழகம் வந்தவர். புதுக்கோட்டை மாவட்டம் பாத்திமா நகரில் அவர் அமைத்த ஆசிரமத்தில் அங்கிருந்து வந்த ஆதரவற்ற பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கிடைத்தது, படிப்பு கிடைத்தது. அது பொய்யல்ல. அதைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று நான் ஏளனம் செய்யமாட்டேன்.

ஆனால் அந்தச் சோறுதான் சிறுமிகளின் வாயையும் அடைத்தது. போக்கிடம் இல்லாத பெண், தனக்குச் சோறு போடுகிறவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வாள்? தங்குவது, உண்பது, படிப்பது, கும்பிடுவது எல்லாம் ஒரே ஆளின் கையில். அவரை மீறிப் பிள்ளைகள் பேசுவதற்கு அங்கே ஒரு பெரியவர் உண்டா என்பதை நன்கொடையாளர்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

1994இல் விஷயம் வெளியே வந்தது. கலைக்கப்பட்ட கருவின் மரபணுச் சோதனையும் சாட்சியமானது. 1997இல் புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி, 13 பெண்கள் மீதான பாலியல் வல்லுறவுக்கும் ஒரு கொலைக்கும் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். (அவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானார்.) 2005இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 2011இல் தண்டனைக் கைதியாகவே பிரேமானந்தா இறந்தார். அவர் நிரபராதி என்று நம்புகிற பக்தர்கள் அதற்குப் பிறகும் இருக்கிறார்கள்.

அவருக்காக வழக்காடப் பணம் கொடுத்ததைக் குற்றம் என்று சொல்லமாட்டேன். மேல்முறையீடு எவருக்கும் உரிமை. நான் மன்னிக்க மறுப்பது வேறொன்றை. எந்தச் சாமியார் வழக்கிலும் பக்தைகள் சொல்வார்கள்: "எங்களிடம் அவர் அப்படி நடந்துகொண்டதே இல்லையே." உங்களிடம் எப்படி நடந்துகொள்வார் அம்மா? உங்களுக்கு வீடு இருக்கிறது, திரும்பிப் போகக் கையில் காசு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு எதிராக உங்கள் நல்ல அனுபவத்தைச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள்.

என் பெரியம்மா வருடந்தோறும் ஓர் ஆசிரமத்துக்கு அரிசி மூட்டை அனுப்புகிறார்.

"அங்கே இருக்கிற பிள்ளைகளோடு தனியாகப் பேசியிருக்கிறீர்களா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவும் சாமி பக்கத்திலேயே இருப்பாரே!"

அவர் இல்லாதபோது ஒருநாள் போய்ப் பார்க்கச் சொன்னேன். அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே.